சிவப்பணு பெரிதாக இருக்கிறதாம், அது புற்றுநோயா?

கேள்வி: என் அம்மாவுக்கு 59 வயது. கும்பகோணம் பக்கம் கிராமம், சுத்த சைவம். 13 வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் காலையும் இரவும் போடுகிறார். நெஞ்செரிச்சலுக்கு என்று ஆரம்பித்த பான்டோப்ரசோல் மாத்திரையும் ஏழெட்டு வருடமாக ஓடுகிறது. ஆறு மாதமாக ஒரே சோர்வு, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பாதம் எரிகிறது. செருப்பு கழன்று போனால்கூடத் தெரிவதில்லை. கண் லேசாக மஞ்சளாக இருந்ததால் மஞ்சள் காமாலை என்று அத்தை கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். நான்கு மாதம் இரும்பு டானிக் குடித்தும் பலனில்லை. இப்போது ஹீமோகுளோபின் 8.4, எம்.சி.வி. 116, வெள்ளையணு 3,400, தட்டணு 1.2 லட்சம். ஸ்மியர் ரிப்போர்ட்டில் ‘மேக்ரோ ஓவலோசைட்ஸ், ஹைப்பர்செக்மென்டட் நியூட்ரோஃபில்ஸ்’ என்று இருக்கிறது. மூன்று அணுவும் குறைந்தால் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டார், வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. இது மாத்திரையால் வந்ததா? நிறுத்திவிடலாமா? மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.7 என்று வந்ததால் போன மாதம் கிளிமிபிரைடு மாத்திரையும் சேர்த்திருக்கிறார்கள். வீட்டு மிஷினில் வெறும் வயிற்றில் 110, 120தான் காட்டுகிறது. இரண்டு மூன்று நாள் விடியற்காலையில் வேர்த்துக் கொட்டிக் கை நடுங்கியது. இன்னொன்று, தம்பிக்கு 27 வயது. ஹீமோகுளோபின் 11.8, எம்.சி.வி. 63, சிவப்பணு 62 லட்சம். கல்லூரிக் காலத்திலிருந்து இரும்பு மாத்திரை சாப்பிடுகிறான், ஏறவே இல்லை. மாமா பெண்ணை அவனுக்குப் பேசியிருக்கிறோம்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் விஷயத்தைத்தான் நான் முதலில் எடுக்க வேண்டும். விடியற்காலையில் வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது என்கிறீர்களே, அது ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். கிளிமிபிரைடு அப்படி இறக்கக்கூடிய மாத்திரை. உங்களிடம் மிஷின் இருக்கிறது. அடுத்த முறை அப்படி ஆனால் உடனே குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஆள் மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். மாத்திரை கொடுத்த டாக்டரிடம் இன்றே போனில் பேசுங்கள். அடுத்த விசிட் வரை காத்திருக்க வேண்டாம்.

அந்த 8.7ஐ வைத்துத்தான் மாத்திரை கூட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணின் மேலேயே சந்தேகம். மூன்று மாதச் சர்க்கரை அளவு எனப்படும் ஹெச்.பி.ஏ.1.சி. என்பது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை பங்கில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்கிற கணக்கு. ஒரு சிவப்பணு ரத்தத்தில் ஏறக்குறைய 120 நாள் ஓடும். ஓட ஓட ஒட்டும். எலும்பு மஜ்ஜை புதுசு புதுசாக அனுப்பிக்கொண்டே இருந்தால் இளசும் முதிர்ந்ததும் கலந்து ஒரு நியாயமான சராசரி கிடைக்கும். புது அணுக்களின் வரத்து குறைந்துவிட்டால் ரத்தத்தில் ஓடுவது பெரும்பாலும் பழைய அணுக்கள். அவற்றில் சர்க்கரை அதிக நாள் ஒட்டியிருக்கும். சாப்பாட்டில் எந்தத் தப்பும் செய்யாமலே எண் ஏறிவிடும். வைட்டமின் பி12 குறைவிலும் இரும்புக் குறைவிலும் இப்படி நடப்பது தெரிந்த விஷயம். 8.7 என்றால் சராசரி சர்க்கரை 200ஐ ஒட்டி இருக்க வேண்டும். உங்கள் மிஷின் காலையில் 110, 120 என்கிறது. சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்தும் ஒரு வாரம் பார்த்து எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால், ரத்தசோகை சரியாகும் வரை அவர் ஏ.1.சி.யை ஓரமாக வைத்துவிட்டு மிஷின் அளவை வைத்தோ, சிவப்பணுவைச் சாராத ஃப்ரக்டோசமின் என்ற சர்க்கரைப் பரிசோதனையை வைத்தோ மாத்திரையை முடிவு செய்யலாம். அவர் மேல் குற்றம் சொல்லவில்லை. ஏ.1.சி. ஒரு தாளில், ரத்த எண்ணிக்கை வேறொரு தாளில், வேறு தேதியில் வந்திருக்கும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாருக்கும் வாய்க்கவில்லை.

சரி, இப்போது ஸ்மியர்.

நான் நோயியல் மருத்துவர். முப்பது வருடமாகக் கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த நீளமான வார்த்தைகளை எங்களைப் போன்றவர்கள்தான் எழுதுகிறோம், எழுதிவிட்டு உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறோம். அவை நோயின் பெயர்கள் இல்லை. ‘மேக்ரோ ஓவலோசைட்’ என்றால் முட்டை வடிவத்தில் பெருத்த சிவப்பணு, அவ்வளவுதான். ஆரோக்கியமான சிவப்பணு வட்டமாக, இரண்டு பக்கமும் நடுவில் விரலால் அழுத்தியது போலக் குழிந்து இருக்கும். குறுக்களவு ஏழெட்டு மைக்ரான். எம்.சி.வி. என்பது அதன் சராசரிக் கொள்ளளவு. 80 முதல் 100 வரை சரியான அளவு. அம்மாவுக்கு 116. ‘ஹைப்பர்செக்மென்டட் நியூட்ரோஃபில்’ என்பது ஒரு வகை வெள்ளையணு. அதன் உட்கரு வழக்கமாக மூன்று நான்கு துண்டாகப் பிரிந்திருக்கும். உங்கள் அம்மாவுக்கு ஐந்து, ஆறு என்று பிரிந்திருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே தகட்டில் பார்த்தால் எங்கள் துறையில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பி12 குறைவும் ஃபோலிக் அமிலக் குறைவும்தான்.

உள்ளே நடப்பது இது. மஜ்ஜையில் ஒவ்வொரு விநாடியும் இருபது லட்சம் சிவப்பணு உருவாகிறது. ஒரு தாயணு பல முறை இரண்டிரண்டாகப் பிரிந்துதான் அத்தனை வரும். பிரிவதற்கு டி.என்.ஏ.வை நகலெடுக்க வேண்டும், அதற்கு பி12உம் ஃபோலிக் அமிலமும் வேண்டும். அவை இல்லையென்றால் அணு உடம்பு வளர்த்துக்கொண்டே போகும், பிரியும் வேளை மட்டும் வராது. நான்காகப் பிரிய வேண்டியது இரண்டோடு நின்று, ஒவ்வொன்றும் ஊதிப்போய் வெளியே வரும். பாதிக்கு மேல் மஜ்ஜைக்குள்ளேயே செத்துவிடும். செத்த அணுவின் ஹீமோகுளோபின் உடைந்து பிலிருபினாக மாறுவதால்தான் அம்மாவின் கண்ணில் அந்த லேசான மஞ்சள். கல்லீரல் அநேகமாக நன்றாகவே இருக்கும், அதற்கு அரைத்துக் கொடுத்த கீழாநெல்லிக்கு இங்கே வேலை இல்லை. அப்புறம், மஜ்ஜையில் பிறக்கும் எல்லா அணுக்களுக்கும் இதே சிக்கல்தான் என்பதால் வெள்ளையணுவும் தட்டணுவும்கூடக் குறையும். மூன்றும் குறைந்தால் புற்றுநோய் என்று சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை, பட்டியலில் இருக்கும் பல காரணங்களில் பயங்கரமான ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லியிருக்கிறார். ரத்தப் புற்றுநோயில் பெருகும் முதிராத அணுவுக்கு ‘பிளாஸ்ட்’ என்று பெயர், ரிப்போர்ட்டில் அப்படி எதுவும் இல்லை. புற்றுநோய்க்கு எதிராக நிற்கும் நல்ல செய்தி அது. பி12 சரியாக இருந்தாலோ, ஊசி போட்டும் அணுக்கள் ஏறாவிட்டாலோதான் மஜ்ஜைப் பரிசோதனைப் பேச்சு வர வேண்டும். அதுவரை அந்தச் சொல்லை வீட்டில் யாரும் எடுக்க வேண்டாம்.

அடுத்து, பி12 ஏன் குறைந்தது? இங்கேதான் என் பழைய மனக்குறை ஒன்று வருகிறது. எங்களிடம் வரும் ரத்தக் குழாயோடு ஒரு சீட்டு வரும். அதில் பெயர், வயது, ‘சி.பி.சி., ஸ்மியர்’. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற இடம் பத்தில் ஒன்பது சீட்டில் காலி. ஆனால் பாதி விடை அந்தக் காலியிடத்தில்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் நீங்கள் மாத்திரை பெயர், அளவு, வருடம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஒரு லேப் டாக்டருக்கு அதைவிட என்ன வேண்டும்?

உணவில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். இரைப்பையின் அமிலம்தான் அதைப் பிரித்தெடுக்கும். பான்டோப்ரசோல் அந்த அமிலத்தை அடக்குகிற மாத்திரை, வருடக்கணக்கில் போட்டால் பிரிப்பது குறையும். பிரிந்த பி12, இரைப்பை சுரக்கும் ஒரு துணைப் புரதத்தோடு சேர்ந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட வேண்டும். மெட்ஃபார்மின் அந்தக் கடைசிக் கட்டத்தில் குறுக்கே நிற்கிறது. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை, ரகசியமும் இல்லை. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜூனில், பி12 குறைவை மெட்ஃபார்மினின் ‘சாதாரணமாகக் காணப்படும்’ பக்கவிளைவு என்றே வகைப்படுத்தி அறிவித்தது. அளவும் வருடமும் கூடக் கூட வாய்ப்பும் கூடும் என்றும் சொன்னது. அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம், 13 வருடம். மேற்கொண்டு சைவம். பி12 இயற்கையாக இருப்பது இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான். ஒரு டம்ளர் பாலில் கிட்டத்தட்ட ஒரு மைக்ரோகிராம் கிடைக்கும், ஒரு நாள் தேவை இரண்டு, இரண்டரை. இரண்டு வேளை காபிக்கு ஊற்றுகிற பாலும் ஒரு கரண்டி மோரும் அதற்குப் போதாது. முருங்கைக்கீரையில் இருக்கிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள், இல்லை. அதில் ஃபோலேட் இருக்கிறது, இரும்பு இருக்கிறது, பி12 கிடையாது. ஆக வரத்து குறைவு, பிரிப்பது குறைவு, உறிஞ்சுவதும் குறைவு. கல்லீரலில் சில வருடத்துக்குத் தேவையான பி12 சேமிப்பு இருப்பதால் இத்தனை காலம் வண்டி ஓடியிருக்கிறது.

அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நல்ல மருந்து, மலிவான மருந்து, அதற்கு ஈடாக இன்னொன்றைத் தேடுவதைவிட பி12ஐ வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டே அதைத் தொடர்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா என்பதை டாக்டர் சிறுநீரகத்தின் கிரியாட்டினின் அளவையும் பார்த்து முடிவு செய்வார். ஆனால் அந்த பான்டோப்ரசோல் இன்னும் வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள். ஆறு வாரத்துக்கு என்று எழுதிக் கொடுத்ததை ஏழு வருடம் போடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். மருந்துக் கடையில் பழைய அட்டையைக் காட்டினால் கொடுத்துவிடுகிறார்கள், யாரும் எதுவும் கேட்பதில்லை.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும், அதில் உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. 1926இல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு டாக்டர்கள் பெருத்த சிவப்பணுக்களோடு சாகக் கிடந்தவர்களுக்குத் தினமும் ஈரலைச் சாப்பிடக் கொடுத்துப் பிழைக்கவைத்தார்கள். 1934இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஏழைக் கர்ப்பிணிகளின் ரத்தத்திலும் அதே பெருத்த அணுக்கள். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும்கூட அவர் வேலை செய்திருக்கிறார். கோஷா ஆஸ்பத்திரி என்றால் திருவல்லிக்கேணியில் இருக்கும் இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைதான். அமெரிக்காவில் வேலை செய்த சுத்திகரித்த ஈரல் சாறு இந்தப் பெண்களிடம் பலிக்கவில்லை. விலை மலிவான ஈஸ்ட் சாறு பலித்தது. ஆக, தகட்டில் ஒரே மாதிரி தெரியும் நோயில் இரண்டு வேறு பொருட்கள் குறையலாம் என்பது புரிந்தது. ஈஸ்ட்டில் இருந்தது ஃபோலிக் அமிலம் என்றும், ஈரலில் இருந்தது பி12 என்றும் பின்னால் தெரியவந்தது.

நூறு வருடம் ஆகியும் என் நுண்ணோக்கியில் அந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ரத்தத்தில் அளந்துதான் பார்க்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன்: அளக்காமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பி12 குறைந்தவருக்கு அதை மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறிவிடும், முகம் தெளிந்துவிடும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். பி12 நரம்பின் மேலுறைக்கும் வேண்டும். உங்கள் அம்மாவின் பாத எரிச்சலும் செருப்பு கழன்றது தெரியாததும் சர்க்கரையால் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். சர்க்கரையும் காரணமாக இருக்கலாம். ஆனால் பி12 குறைவும் இதே எரிச்சலையும் மரத்துப்போவதையும் தரும், அந்தப் பங்கைத் திருப்ப முடியும், அதுவும் சீக்கிரம் தொடங்கினால்தான். கண்ணை மூடி நின்றால் தள்ளாடுகிறதா, பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டு, பதிலை டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊசி போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்துவிட வேண்டும், இது முக்கியம். ஒரு ஊசி போட்ட பிறகு அளந்தால் பி12 ஏராளமாகக் காட்டும், அப்புறம் எதையும் நிரூபிக்க முடியாது. பி12, ஃபோலேட், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, கல்லீரல், கிரியாட்டினின், ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை ஆகியவை போதும். பி12 200க்குக் கீழே இருந்தால் சந்தேகமில்லை. 200க்கும் 300க்கும் நடுவில் தொங்கினால் பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீன் அல்லது மெத்தில் மலோனிக் அமிலம் பார்க்கச் சொல்வார்கள். நரம்புத் தொந்தரவும் இருப்பதால் பெரும்பாலும் மாத்திரையில் ஆரம்பிக்காமல் ஊசியில்தான் ஆரம்பிப்பார்கள், முதலில் நெருக்கமாக, பிறகு வாரம் ஒன்று, மாதம் ஒன்று என்று.

ஒரு வாரத்துக்குள் ரெட்டிகுலோசைட் எனப்படும் பிஞ்சு அணுக்கள் மளமளவென்று ஏறும். அம்மாவுக்குப் பசி எடுப்பதும் முகத்தில் களை வருவதும் ரிப்போர்ட்டுக்கு முன்னாலேயே வீட்டில் தெரிந்துவிடும். எம்.சி.வி. இறங்க ஏறக்குறைய இரண்டு மாதம். நரம்புக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், ஆரம்பத்தில் எரிச்சல் கொஞ்சம் கூடின மாதிரிகூட இருக்கலாம். மஜ்ஜை ஒரேயடியாக வேலையைத் தொடங்கும்போது ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கலாம் என்பதால் முதல் வாரத்தில் ஒரு முறை அதைப் பார்ப்பது நல்லது. இப்போது இரும்பு டானிக்கை நிறுத்திவையுங்கள். ஃபெரிட்டின் வந்த பிறகு, தேவை என்றால் மட்டும் கொடுக்கலாம். ரத்தம் ஏற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். மெதுவாகக் குறைந்த ரத்தத்துக்கு உடம்பு பழகியிருக்கும், அவசரமாக ஏற்றினால் இதயம் திணறலாம். நெஞ்சுவலியோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதோ இருந்தால் மட்டும் அது வேறு கணக்கு, நேராக ஆஸ்பத்திரிதான்.

‘இது மாத்திரையால் வந்ததா’ என்ற உங்கள் கேள்வி உங்கள் அம்மாவோடு முடிவதில்லை என்பதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். வலிப்புக்கான ஃபெனிடாயின் வருடக்கணக்கில் போட்டால் அணு பெருக்கும். சில ரத்த நோய்களுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸியூரியா போடுகிறவருக்கு எம்.சி.வி. ஏறாவிட்டால்தான் நான் சந்தேகப்படுவேன், ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று. இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தும் மருந்து மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். ஒரு முறை எனக்கு வந்த தகட்டில் உங்கள் அம்மாவுடையதைப் போலவே பெருத்த அணுக்கள், வெள்ளையணு ஆயிரத்துக்கும் கீழே. சீட்டில் வழக்கம்போல மாத்திரை இடம் காலி. போன் போட்டு மகனிடம் கேட்டால், ‘மூட்டுவலிக்கு ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை, தினமும் தவறாமல் கொடுக்கிறேன் டாக்டர்’ என்றார். வாய் முழுக்கப் புண், காய்ச்சல். பெரியவர் பிழைத்துக்கொண்டார், மயிரிழையில். உங்கள் தெருவில் யாராவது அந்த மாத்திரை போட்டால், எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

பெருக்கவைக்கும் மருந்துகள் ஒரு பக்கம், உடைக்கும் மருந்துகள் இன்னொரு பக்கம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்கள் நம்மிடையே உண்டு, பெரும்பாலும் ஆண்கள். அது தெரியாமலே வாழ்நாள் முழுக்க நன்றாக இருப்பார்கள். மலேரியாவுக்குப் பிரைமாகுயினோ, தொழுநோய்க்கு டாப்சோனோ கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். துணிக்குள் வைக்கும் பாச்சை உருண்டையைக் குழந்தை வாயில் போட்டாலும் அதே கதிதான். தகட்டில் பார்த்தால் சிவப்பணு ஓரத்தில் எலி கடித்த அப்பளம் போல இருக்கும். சில நேரம் மருந்து நேரடியாக உடைக்காமல், உடம்பே தன் அணுக்களை எதிரி என்று நினைத்துத் தாக்கும்படி செய்துவிடும். செஃப்ட்ரையாக்சோன் ஊசிக்குப் பிறகு அரிதாக இப்படி ஆவதுண்டு. அப்போது குழி இல்லாத குட்டி உருண்டைகள் தெரியும், கூம்ப்ஸ் பரிசோதனை உறுதிசெய்யும். இவர்களுக்கெல்லாம் சிவப்பணுவின் ஆயுள் குறைவதால் ஏ.1.சி. பொய்யாகக் குறைத்துக் காட்டும், உங்கள் அம்மாவுக்கு நேர் எதிர்.

நோய்களின் கையெழுத்தும் தகட்டில் உண்டு. கல்லீரல் கெட்டால் நடுவில் பொட்டு வைத்த அணு, சிறுநீரகம் கெட்டால் நெருஞ்சி முள் போன்ற அணு, மஜ்ஜை நார் கட்டினால் கண்ணீர்த்துளி. இதில் என்னை நாற்காலியை விட்டு எழுந்து போனை எடுக்கவைப்பது ஒன்றுதான். உடைந்த வளையல் துண்டுகளைப் போலச் சிவப்பணுச் சில்லுகள், கூடவே தட்டணுக் குறைவு. அது மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய நோய். உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் அது இல்லை. அந்த நெருஞ்சி முள் அணுவைப் பார்த்தும் உடனே சிறுநீரகத்துக்காகப் பதறக் கூடாது. குழாயில் ரத்தம் நேரத்தோடு பார்க்கப்படாமல் பழசாகக் கிடந்தாலும் அப்படித்தான் முள் முளைக்கும். ஊரில் எடுத்த ரத்தம் பஸ்ஸில் ஏறி மறுநாள் லேபுக்கு வந்து சேர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி தம்பி. அவருடைய கதை அம்மாவுக்கு நேர்மாறு, அணு மிகச் சிறியது. சிறிய அணு என்றாலே இரும்புக் குறைவு என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. ஆனால் இரும்பு இல்லாமல் அணு சிறுத்தால் எண்ணிக்கையும் குறையும். அவருக்கு 62 லட்சம், இயல்பைவிட அதிகம். ஒரு எளிய வகுத்தல் கணக்கு உண்டு. எம்.சி.வி. 63ஐ சிவப்பணு 6.2 மில்லியனால் வகுத்தால் 10 சொச்சம் வருகிறது. 13க்குக் கீழே வந்தால் இரும்பைவிட தலசீமியா கேரியராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய். கேரியர் என்றால் அதன் மரபணுவைச் சுமப்பவர், நோயாளி என்று அர்த்தமில்லை, அவருக்கு வைத்தியமே தேவையில்லை. இத்தனை வருடம் இரும்பு மாத்திரை போட்டும் ஏறாததன் காரணம் இதுவாக இருக்கலாம். ஃபெரிட்டினும், ஹெச்.பி.எல்.சி. முறையில் ஹீமோகுளோபின் ஏ2 அளவும் பாருங்கள். ஏ2 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா கேரியர் என்று எடுத்துக்கொள்ளலாம். ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் முதலில் இரும்பைச் சரிசெய்துவிட்டு ஏ2வை மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் இரும்புக் குறைவு அதை இறக்கிக் காட்டலாம்.

தம்பி கேரியராக இருந்து மனைவி கேரியராக இல்லாவிட்டால் குழந்தைகளுக்கு ஆபத்தில்லை. இரண்டு பேரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்குத் தலசீமியா மேஜர் வர. அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். பெண் மாமா மகள் என்கிறீர்கள். தம்பிக்கு இது அம்மா வழியில் வந்திருந்தால் அவளுக்கும் இருக்க வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அப்பா வழியில் வந்திருந்தால் அப்படி இல்லை. அம்மாவின் ரத்தத்தை வைத்து இப்போது எதையும் சொல்ல முடியாது. பி12 குறைவு அணுவைப் பெருக்கும், தலசீமியா சிறுக்கவைக்கும், ஒன்று இன்னொன்றை மறைத்துவிடும். பத்து வருடத்துக்கு முந்தைய அம்மாவின் ரிப்போர்ட் ஏதாவது பீரோவில் இருந்தால் அதில் எம்.சி.வி.யைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். தம்பியின் ஏ2 அதிகம் என்று வந்தால் அந்தப் பெண்ணுக்கும் அதே பரிசோதனையைச் செய்துவிடுங்கள், ஒரு குழாய் ரத்தம்தான். மாமாவிடம் இதைச் சொல்வது சங்கடம் என்று தயங்குவீர்கள், தெரியும். பெண்ணுக்குக் குறை இருக்கிறதா என்று பார்க்கிறோம் என்று சொன்னால் சண்டை வரும். ‘தம்பிக்கு இப்படி இருக்கிறது, அதனால் இரண்டு பேருக்கும் பார்க்கச் சொல்கிறார்கள்’ என்று ஆரம்பியுங்கள். பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் செய்துவிடுங்கள். இரண்டு பேருமே கேரியர் என்று வந்தாலும் கல்யாணத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றில்லை. கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே கருவைப் பரிசோதிக்கும் வழி இருக்கிறது, அதைப் பற்றி மரபணு ஆலோசகர் ஒருவரிடம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகும்போது மாத்திரைப் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு போகாமல், அட்டைகள், டானிக் பாட்டில், வீட்டில் வேறு லேகியமோ பஸ்பமோ செந்தூரமோ சாப்பிட்டிருந்தால் அதையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சில பஸ்ப, செந்தூரங்களில் காரீயம் கலந்து ரத்தசோகை வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அப்போது சிவப்பணுவில் ரவை தூவியது போல நீலப் புள்ளிகள் தெரியும். உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி எதுவும் எழுதவில்லை, இருந்தாலும் பை போகட்டும். லேபில் சீட்டு எழுதும்போது, மாத்திரைக்கான இடத்தில் ‘மெட்ஃபார்மின், 13 வருடம்’ என்று நீங்களே எழுதிவிடுங்கள்.